பிறர் வீட்டில் வளரும் நம் பிள்ளைகள்



கொடைக்கானல் மலையிலிருந்து பெரியகுளத்துச் சமவெளியை நோக்கி இறங்கும் சரிவில் வெள்ளகவி என்னும் சிற்றூர் உள்ளது. 1821-ஆம் ஆண்டில் பழனி மலையை அளக்க வந்த ஆங்கிலேய அதிகாரி வார்டு இவ்வூரில் தங்கித்தான் மேலே கொடைக்கானலுக்கு ஏறினார். கொடைக்கானல் நகரம் பிறப்பதற்கு முன்பே இருந்த ஊர் இது. ஆனால் மேலே நகரம் வளர்ந்து, ஏரியும் சாலைகளும் விடுதிகளும் வந்த பிறகும், வெள்ளகவி மக்கள் பல தலைமுறைகளாக வாகனச் சாலை இன்றியே வாழ்ந்தார்கள். கும்பக்கரைப் பக்கமிருந்து ஏறினாலும் வட்டக்கானல் பக்கமிருந்து இறங்கினாலும் கால்நடைதான். அரிசியும் உப்பும் குதிரை முதுகில் வந்தன. நோயாளிகளும் கர்ப்பிணிகளும் டோலியில் சென்றார்கள்.

அவ்வூருக்குச் செல்வோர் மறக்காமல் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. ஊரின் எல்லையில் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். கோவில்கள் நிறைந்த தம் ஊர் முழுவதையுமே புனித நிலமாக மக்கள் கருதுகிறார்கள். வருபவர் யாராயிருந்தாலும், எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும், வெறுங்காலோடுதான் உள்ளே நுழைய வேண்டும்.

இத்தகைய மலையூர்களின் பெற்றோருக்கு ஒரு வலி உண்டு. தொடக்கக் கல்வியைத் தாண்டிப் படிக்க வேண்டுமானால் பிள்ளை வீட்டை விட்டுப் போகவேண்டும். பத்து வயதுப் பிள்ளையை அத்தை வீட்டிலோ, சித்தப்பா வீட்டிலோ, விடுதியிலோ விட்டுவிட்டு, தாய் மலையேறித் திரும்புகிறாள். அந்தப் பிள்ளை அன்று இரவு யாருடைய வீட்டில், யாருடைய பாயில், என்ன எண்ணத்தோடு படுக்கும்? நாம் நினைத்துப் பார்த்ததுண்டா?

அத்தகைய பிள்ளைகளைப் பற்றியும், அவர்களைவிடக் கடினமான நிலையில், திரும்பிச் செல்லத் தாயின் வீடே இல்லாத பிள்ளைகளைப் பற்றியும் இக்கட்டுரையில் சிந்திப்போம்.

யார் இந்தப் பிள்ளைகள்?

பெற்றோரை விட்டுப் பிரிந்து வளரும் பிள்ளைகள் எல்லாரையும் ஒரே சொல்லால் ‘அநாதைகள்’ என்று அழைத்துவிடுகிறோம். அது தவறு. அவர்களில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உறவினரோ இருக்கிறார்கள். நோய், வறுமை, மதுப்பழக்கம், சிறைவாசம், வேலைதேடிப் புலம்பெயர்தல், குடும்ப முறிவு ஆகிய காரணங்களால் பிரிந்திருக்கிறார்கள். இவர்கள் வாழும் சூழல்களை நான்காகப் பிரித்தறிவது நல்லது.

முதலாவது, உறவினர் வீடு. தாத்தா, பாட்டி, பெரியம்மா, மாமா ஆகியோரிடம் வளரும் பிள்ளைகள். நம் மலைப்பகுதிகளில் இதுவே மிகுதி. தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காப்பித் தோட்டங்களிலும், மேல்மலையின் கிழங்கு, பூண்டு வயல்களிலும் கூலிவேலை செய்துகொண்டு பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிமார் எத்தனையோ பேர்!

இரண்டாவது, விடுதியும் குழந்தைகள் இல்லமும். இரண்டும் ஒன்றல்ல. படிப்புக்காகத் தங்குமிடம் விடுதி. பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் பிள்ளைகளுக்கு, சட்டப்படி பதிவுபெற்று நடத்தப்படுவது குழந்தைகள் இல்லம்.

மூன்றாவது, வளர்ப்புப் பராமரிப்பு. பிள்ளையைப் பெற்றவர்கள் அல்லாத ஒரு குடும்பம், குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி, குறுகிய காலத்துக்கோ நீண்ட காலத்துக்கோ அப்பிள்ளையைத் தன் வீட்டில் வைத்து வளர்ப்பது.

நான்காவது, தத்தெடுத்தல். இதில் பிள்ளை சட்டப்படி அக்குடும்பத்தின் பிள்ளையாகவே நிலையாக மாறிவிடுகிறது.

மூன்றாவதையும் நான்காவதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். தத்தெடுத்த தாய், ‘இது என் பிள்ளை’ என்கிறாள். வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள தாயோ, ‘இந்தப் பிள்ளை தன் வீட்டுக்குத் திரும்பும்வரை என் வீடு இதற்கு வீடு’ என்கிறாள். இரண்டாவதைச் சொல்வதற்குத் தனித் துணிவு வேண்டும். பிரியப்போவது தெரிந்தே அன்பு செய்வது எளிதல்ல!

ஏன் ஒரு குடும்பம் வேண்டும்?

‘இல்லத்தில் மூன்று வேளை உணவு கிடைக்கிறது, படிப்பு கிடைக்கிறது, அது போதாதா?’ என்று சிலர் கேட்கலாம். இல்லங்களில் தம் வாழ்வையே கரைத்துக்கொண்ட அருள்சகோதரிகளையும் பணியாளர்களையும் நாம் நன்றியோடு நினைக்கிறோம். அவர்கள் இல்லாதிருந்தால் எத்தனையோ உயிர்கள் அழிந்திருக்கும். ஆயினும், நாற்பது பிள்ளைகளுக்கு மூன்று பணியாளர் என்ற நிலையில், ஒரு பிள்ளைக்கு ‘எனக்கென்று ஒருவர்’ என்னும் உறுதி கிடைப்பது அரிது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், வீடிழந்த பிள்ளைகளைப் பற்றி உலக நலவாழ்வு நிறுவனத்துக்காக ஆங்கிலேய மனநல மருத்துவர் ஜான் பௌல்பி தயாரித்த அறிக்கை 1951-இல் வெளியானது. தாயோடோ தாய்போன்ற ஒருவரோடோ நெருக்கமும் தொடர்ச்சியும் உள்ள உறவு இளங்குழந்தையின் மனநலத்துக்கு இன்றியமையாதது என்பதை அது வலியுறுத்தியது.

பின்னர் 2000-ஆம் ஆண்டில் ருமேனியா நாட்டின் புக்கரெஸ்ட் நகரில் ஓர் ஆய்வு தொடங்கியது. இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் ஒரு பாதியினர் பயிற்சிபெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டார்கள். மற்றவர்கள் அப்போதைய வழக்கப்படியான பராமரிப்பில் இருந்தார்கள். பல ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, குடும்பத்தில் சேர்ந்த குழந்தைகளின் அறிவு வளர்ச்சியும் பிறரோடு ஒட்டி உறவாடும் திறனும் மேம்பட்டிருந்தன. இரண்டு வயதுக்குள் குடும்பத்தைப் பெற்றவர்கள் பொதுவாக அதிகம் மீண்டெழுந்தார்கள். ‘சிறு குழந்தைக்கு என்ன தெரியும்?’ என்ற நம் வழக்கமான பேச்சுக்கு இது நல்ல மறுமொழி.

1989-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 20-ஆவது பிரிவு, குடும்பச் சூழலை இழந்த குழந்தைக்குச் சிறப்புப் பாதுகாப்பு பெறும் உரிமை உண்டு என்கிறது. திருப்பீடம் 1990-இலும் இந்தியா 1992-இலும் இவ்வுடன்படிக்கையில் இணைந்தன. 2009-இல் ஐ.நா. வெளியிட்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள் இன்னும் ஒருபடி மேலே சென்று, வறுமை ஒன்றையே காரணம் காட்டி ஒரு பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக்கூடாது என்கின்றன. இதை நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். ஏழைத் தாயிடம், ‘பிள்ளையை இல்லத்தில் விட்டுவிடு அம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று சொல்வது எளிது. ‘பிள்ளை உன்னிடமே இருக்கட்டும், உனக்கு என்ன உதவி வேண்டும்?’ என்று கேட்பதுதான் அவள் தாய்மையை மதிப்பது.

சட்டம் சொல்வது என்ன?

நம் நாட்டில் இதற்கு அடிப்படையானது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம். பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது அதன் 3-ஆவது பிரிவு கூறும் கோட்பாடுகளுள் ஒன்று. வளர்ப்புப் பராமரிப்பைப் பற்றி 44-ஆவது பிரிவு பேசுகிறது. அதன் முக்கியச் செய்திகள் இவை:

1. ஒரு குடும்பத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் திறன், நோக்கம், பிள்ளை வளர்த்த அனுபவம் ஆகியவை பார்க்கப்படும்.

2. உடன்பிறந்தவர்களை இயன்றவரை ஒரே வீட்டில் சேர்த்தே வைக்க வேண்டும்.

3. பிள்ளையின் உணவு, உடல்நலம், கல்வி ஆகியவற்றுக்கு வளர்ப்புக் குடும்பம் பொறுப்பு. அதற்கென அரசு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் வழியாக மாதந்தோறும் நிதி வழங்கும்.

4. பெற்றோர் இடையிடையே வந்து பிள்ளையைப் பார்க்கலாம். அது பிள்ளையின் நலனுக்கு ஏற்றதல்ல என்று குழு கருதினால் மட்டுமே தடுக்கப்படும்.

5. பிள்ளையின் நலனை அறியக் குழு மாதந்தோறும் வளர்ப்புக் குடும்பத்தைப் பார்வையிட வேண்டும்.

6. தத்துக்கு உரியதாகக் குழு கருதும் குழந்தையை நீண்டகால வளர்ப்புப் பராமரிப்பில் வைக்கலாகாது. அக்குழந்தைக்கு நிலையான குடும்பமே கிடைக்க வேண்டும்.

2022-இல் வெளியான மிஷன் வாத்சல்யா வழிகாட்டுதல்களின்படி, வளர்ப்புப் பராமரிப்புக்கும் நிதி ஆதரவுக்கும் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் வழங்கப்படுகிறது. நிதி ஆதரவு என்பது, பிள்ளையை இடம் மாற்றாமல், தாயிடமோ நெருங்கிய உறவினரிடமோ இருக்கும்போதே அளிக்கப்படும் உதவி. 2024-இல் திருத்தி வெளியிடப்பட்ட மாதிரி வழிகாட்டுதல்கள், திருமணமாகாதவர்களும் துணையை இழந்தவர்களும்கூட வளர்ப்புப் பராமரிப்பை ஏற்க வழி செய்தன. வளர்ப்புக் குடும்பம் அப்பிள்ளையைப் பின்னர் தத்தெடுக்க விரும்பினால் காத்திருக்க வேண்டிய காலமும் ஐந்து ஆண்டிலிருந்து இரண்டு ஆண்டாகக் குறைக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டம், பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் வறிய பிள்ளைகளுக்கு 18 வயதுவரை மாதம் 2,000 ரூபாய் வழங்குவதற்கானது.

இவையெல்லாம் இருந்தும், பேரனை வளர்க்கும் மலையூர்ப் பாட்டிக்கு இவற்றுள் ஒன்றாவது தெரியுமா? விண்ணப்பம், ஆதார் அட்டை, இறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக்குச் செலவழித்து அவர் திண்டுக்கல் வரை செல்லமுடியுமா? இந்த இடத்தில்தான் ஒரு பங்குச் சமூகம் அவருக்குக் காலாகவும் கையாகவும் ஆகமுடியும்.

திருநூலில் வளர்ப்புப் பிள்ளைகள்

மீட்பு வரலாற்றில் பெரும்பொறுப்பு ஏற்றவர்களுள் பலர் பிறர் வீட்டில் வளர்ந்தவர்கள்!

மோசேயைக் காப்பாற்றிய பார்வோனின் மகள், பால் கொடுத்து வளர்க்கக் கூலி பேசி ஒரு பெண்ணிடம் ஒப்படைத்தாள். அந்தப் பெண் அவனைப் பெற்ற தாயே (விப 2:1-10). பெற்றவளும் வளர்த்தவளும் எதிரெதிராக நிற்காமல், ஒரு குழந்தையின் உயிரைக் காக்க இருவரும் பயன்பட்டார்கள்.

சாமுவேல் சிறுவனாக ஏலியிடம் விடப்பட்டான். தாய் அன்னா அவனை மறந்துவிடவில்லை. ஆண்டுதோறும் ஒரு சிறிய மேலாடையைத் தைத்து எடுத்துவந்தாள் (1 சாமு 2:19). ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே பார்க்கும் மகனுக்கு அளவு எப்படித் தெரிந்தது? வளர்ந்திருப்பான், இவ்வளவு வளர்ந்திருப்பான் என்று நாள்தோறும் மனத்தில் அளந்துகொண்டே இருந்திருப்பாள். பிள்ளையை விட்டுப் பிரிந்திருக்கும் தாய்மாரைப் பற்றிக் கடுஞ்சொல் பேசும் முன் அன்னாவை நினைப்போம்.

தாய் தந்தையை இழந்த எஸ்தரை மொர்தக்காய் தம் மகளாகவே வளர்த்தார் (எஸ் 2:7). இவர்கள் அனைவருக்கும் மேலாக, நம் ஆண்டவர் இயேசுவே புனித யோசேப்பின் பராமரிப்பில் வளர்ந்தார். 2020-இல் திருத்தந்தை பிரான்சிஸ் புனித யோசேப்பைப் பற்றி எழுதிய திருத்தூது மடலில், தந்தை என்பவர் பிள்ளையைத் தம் உடைமையாக்கிக்கொள்ளாமல், சுதந்திரத்தோடு வாழ வழிவிடுபவர் என்னும் கருத்தை விளக்கியுள்ளார். வளர்ப்புப் பெற்றோருக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறில்லை. 2016-இல் வெளியான ‘அன்பின் மகிழ்வு’ திருத்தூது ஊக்கவுரையும் தத்தெடுத்தலையும் வளர்ப்புப் பராமரிப்பையும் திருமண வாழ்வின் கனிகளாகப் பார்க்கிறது.

நாம் செய்த தவறு

இப்போது ஒன்றை அறிக்கையிட வேண்டியுள்ளது. பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு பங்கில், கிறிஸ்து பிறப்பு விழாத் திருப்பலியின் முடிவில், அருகிலிருந்த இல்லத்துப் பிள்ளைகளுக்குப் புத்தாடை வழங்க ஏற்பாடு செய்தோம். பிள்ளைகளைப் பீடத்தின் முன் வரிசையாக நிற்க வைத்தோம். ஒவ்வொருவர் பெயரையும் ஒலிபெருக்கியில் அழைத்தோம். நன்கொடையாளர் கொடுக்க, பிள்ளை வாங்க, நிழற்படம் எடுக்க, மக்கள் கைதட்ட, எல்லாம் சிறப்பாகவே நடந்ததாக எண்ணினோம். ஒரு பையன் மட்டும் பெயர் சொல்லியும் வரவில்லை.

பிறகு அவனைத் தேடிப்போய், ‘ஏன்ப்பா வரல? சட்டை பிடிக்கலயா?’ என்று கேட்டோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு, ‘சாமி, எங்க கிளாஸ் பசங்க எல்லாரும் கீழ உக்காந்திருந்தாங்க’ என்றான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நாம் கொடுத்தது சட்டை. பறித்தது எது? அவன் வகுப்பில் எல்லாரையும்போல ஒருவனாக இருந்தான். நாம்தான் அவனை எழுப்பி, ‘இவன் வேறு’ என்று எல்லாருக்கும் காட்ட முயன்றோம். அடுத்த ஆண்டு முதல், விழாவுக்கு ஒரு வாரம் முன்னதாகவே பிள்ளைகளைக் கடைக்கு அழைத்துச் சென்று, அவரவர் விரும்பிய நிறத்தில் எடுத்துக்கொள்ளச் செய்தோம். விழாவன்று அவர்கள் தங்கள் நண்பர்களோடு கூட்டத்தில் கலந்து அமர்ந்திருந்தார்கள். யார் எந்தப் பிள்ளை என்று நமக்கே தெரியவில்லை. மகிழ்ந்தோம்!

நம் தவறு அன்புக்குறைவோடு நின்றுவிடவில்லை என்பதையும் பின்னர் அறிந்தோம். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளையின் பெயர், முகவரி, பள்ளி, படம் முதலிய அடையாளங்களை நாளிதழிலோ இதழிலோ வேறு ஊடகங்களிலோ வெளியிடுவதை மேற்சொன்ன சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பிறந்தநாளுக்கு இல்லத்தில் உணவு கொடுத்துவிட்டு, பிள்ளைகளோடு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் பங்கு மடல்களும் கவனிக்க வேண்டும்.

சொல்லிலும் கவனம் தேவை. களங்கம் சுமத்தாத சொற்களையே பயன்படுத்த வேண்டும் என்பதும் சட்டத்தின் 3-ஆவது பிரிவில் உள்ள ஒரு கோட்பாடு. ‘அநாதை’, ‘தொட்டில் குழந்தை’, ‘ஹோம் பிள்ளை’, ‘குடிகாரன் மகன்’ என்ற பட்டங்கள் ஒரு பிள்ளையின் முதுகில் ஆயுள் முழுவதும் ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஒரு பெயர் உண்டு. அப்பெயரால் அழைப்போம்.

வளர்க்கும் வீட்டில் மாண்பு

வளர்ப்புத் தாய் ஒருவர் நம்மிடம் பகிர்ந்துகொண்டது இது. அவர் வீட்டுக்கு வந்த சிறுமி, இட்லியைத் தாளில் மடித்துப் பள்ளிப்பையில் ஒளித்துவைப்பாள். இரண்டு நாள் கழித்துப் பையிலிருந்து வாடை வரும். முதலில் இவருக்குக் கோபம் வந்தது. பிறகு புரிந்தது. நாளைக்குச் சோறு உண்டா இல்லையா என்று தெரியாத வீட்டில் வளர்ந்த பிள்ளை அது. அடுப்படியில் பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு டப்பாவை வைத்து, முறுக்கும் பொரியுருண்டையும் போட்டு, ‘இது உன் டப்பா. யாரையும் கேக்க வேணாம்’ என்றார். சில நாள் பிள்ளை அடிக்கடி திறந்து எண்ணிப் பார்த்தாள். சில மாதங்களில் அந்த டப்பாவை அவள் மறந்தே போனாள். அவள் மறந்த நாளில் அத்தாய் அழுதாராம்.

பிரிவைக் கண்ட பிள்ளைகளிடம் இதுபோல் பலவற்றைக் காணலாம். படுக்கையில் சிறுநீர் கழித்தல், காரணமின்றிச் சினத்தல், பொய் சொல்லுதல், யாரோடும் ஒட்டாதிருத்தல், அல்லது எல்லாரோடும் அளவுக்கு மீறி ஒட்டுதல். இவை கெட்ட குணங்கள் அல்ல, பட்ட காயங்களின் தழும்புகள். அடித்துத் திருத்த முயன்றால் காயம் ஆழமாகும். நேரம் தவறாத உணவு, சொன்ன சொல்லைக் காத்தல், ஒரே மாதிரியான அன்றாட ஒழுங்கு, தேவையெனில் மனநல ஆலோசகர், இவையே மருந்து.

பெற்றோரைப் பற்றிப் பிள்ளையின் முன் இழிவாகப் பேசவே கூடாது. ‘உன் அம்மா செஞ்ச காரியத்துக்கு...’ என்று தொடங்கும் எந்த வாக்கியமும் பிள்ளையின் நெஞ்சைத் துளைக்கும். தாய் எத்தகையவளாயினும், தன்னில் பாதி அவள் என்று பிள்ளைக்குத் தெரியும். அவர்களது படம் ஒன்று இருந்தால் பத்திரமாக வைத்துக் கொடுங்கள். பிறந்த ஊர், மருத்துவக் குறிப்பு, பள்ளிச் சான்றிதழ் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்துவையுங்கள். பிள்ளை எங்கே சென்றாலும் அது அதன் கூடவே செல்லட்டும்.

சொந்தப் பிள்ளைக்கு ஒரு தட்டு, வந்த பிள்ளைக்கு ஒரு தட்டு என்ற வேறுபாடு கூடாது. வீட்டுவேலைக்கு ஆள் வேண்டுமென்று பிள்ளையை அழைத்து வருவது வளர்ப்பு அல்ல, சுரண்டல். மலையூர்களிலிருந்து ‘படிக்க வைக்கிறோம்’ என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்டு, நகரத்து வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் சிறுமியரைப் பற்றி நாம் கேள்விப்படாமல் இல்லை. படித்த, பக்தியுள்ள குடும்பங்களிலும் இது நிகழும்போது நம் நெஞ்சு பதறுகிறது.

பிள்ளையின் சமயத்தையும் மதிக்க வேண்டும். வெள்ளகவி போன்ற ஊரிலிருந்து ஓர் இந்துப் பிள்ளை கத்தோலிக்க வீட்டுக்கு வந்தால், அதன் நம்பிக்கையும் திருவிழாவும் உணவு வழக்கமும் அதனோடு வரும். பெற்றோரோ அவர்களது இடத்தில் சட்டப்படி இருப்பவரோ இசையாமல் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கலாகாது என்பதே நம் திருச்சபைச் சட்டத்தின் பொது விதியும் (868-ஆம் எண்). நம் அன்பில் மறைமுக நோக்கம் எதுவும் இருக்கலாகாது.

பாதுகாப்பு

கைவிடப்பட்ட குழந்தையையோ, துணையின்றி நிற்கும் பிள்ளையையோ கண்டால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். குழந்தைகள் உதவி எண் 1098, காவல்நிலையம், குழந்தைகள் நலக் குழு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, இவற்றுள் ஏதேனும் ஒன்றுக்குத் தெரிவிக்கலாம். பங்குப் பணியாளரிடம் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள்.

மணமாகாத பெண்ணுக்குப் பிறந்த குழந்தையை, ‘மானம் போகக்கூடாது’ என்று தெரிந்தவர் வழியாகக் குழந்தையில்லாத் தம்பதியரிடம் இரகசியமாகக் கொடுத்துவிடும் வழக்கம் இன்னும் உள்ளது. நல்லெண்ணத்தோடு செய்தாலும் அது குற்றம். அந்தக் குழந்தைக்குப் பிறப்பு ஆவணமும் உரிமையும் வரலாறும் இல்லாமல் போய்விடும். சட்டத்தில் இதற்கு மனிதநேயமான வழி இருக்கிறது. தாய் குழுவின் முன் குழந்தையை ஒப்படைக்கலாம். அவள் மனம் மாறினால் திரும்பப் பெற்றுக்கொள்ள இரண்டு மாதம் அவகாசமும் உண்டு. பெண்சிசுக்களைக் காக்க 1992-இல் சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல் முதலிய மாவட்டங்களுக்கும் விரிவானது என்பதை நம் பகுதி மக்கள் அறிவார்கள்.

பிறர் வீட்டில் வளரும் பிள்ளை பாலியல் தொல்லைக்கு எளிதில் ஆளாகக்கூடும். சொல்ல ஆளில்லை என்பதே காரணம். அப்படி ஒன்று தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் செய்வது கட்டாயம். குடும்பப் பெயர், ஊர்ப் பெயர், ஏன், திருச்சபையின் பெயர்கூட ஒரு பிள்ளையின் பாதுகாப்பைவிடப் பெரிதல்ல.

பங்கில் நாம் என்ன செய்யலாம்?

1. நம் அன்பியங்கள் தத்தம் பகுதியில் உறவினரிடம் வளரும் பிள்ளைகளை ஓசையின்றி அறிந்துகொள்ளட்டும். பட்டியலை யாரும் சுவரில் ஒட்ட வேண்டாம்.

2. விண்ணப்பம் எழுதவும், சான்றிதழ் பெறவும், அலுவலகத்துக்கு உடன்செல்லவும் இளைஞர் இருவர் முன்வந்தால், ஒரு பாட்டியின் பாரம் பாதி குறையும்.

3. பிள்ளை வளர்த்து முடித்து, வீட்டில் இடமும் மனத்தில் பொறுமையும் உள்ள தம்பதியர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகி வளர்ப்புப் பராமரிப்பைப் பற்றிக் கேட்டறியலாம். அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டாம். வீட்டில் உள்ள அனைவரும், சொந்தப் பிள்ளைகள் உட்பட, ஒருமனப்பட வேண்டும்.

4. வளர்ப்புக் குடும்பங்களைத் தனியே விட்டுவிடாதீர்கள். பிள்ளை திரும்பிச் சென்ற மறுநாள் அவ்வீட்டில் ஒரு துக்கம் இருக்கும். வெளியார் கண்ணுக்கு அது தெரியாது. அன்று போய் அவர்களோடு அமர்ந்திருங்கள்.

5. 18 வயது முடிந்து இல்லத்தை விட்டு வெளியேறும் இளையோரை மறந்துவிடுகிறோம். அவர்களுக்குப் ‘பிற்காப்பு’ உதவி சட்டத்தில் உண்டு. ஆனால் பொங்கலுக்கும் பாஸ்காவுக்கும் ‘வீட்டுக்கு வா’ என்று கூப்பிட ஒரு வீடு எந்தச் சட்டத்திலும் இல்லை. அதை நாம்தான் தரமுடியும்.

நிறைவாக

இயேசு ஒரு சிறுபிள்ளையை எடுத்துச் சீடர்கள் நடுவே நிறுத்தி, அணைத்துக்கொண்டார் (மாற் 9:36-37). யார் பெரியவர் என்று வாதாடிக்கொண்டிருந்தவர்களுக்கு அவர் தந்த விடை அதுவே. அந்தப் பிள்ளை யாருடையது, எந்த ஊர், பெற்றோர் யார் என்று நற்செய்தியாளர் எழுதவில்லை. ஆண்டவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

எரியும் முட்புதரின் முன் மோசே தம் காலணியைக் கழற்ற வேண்டியிருந்தது (விப 3:5). பிறர் வீட்டில் வளர்ந்த அந்தப் பிள்ளைதான், வளர்ந்த பின் புனித நிலத்தில் நின்றது! வெள்ளகவி மக்கள் தம் ஊர் எல்லையில் வருவோரிடம் கேட்பதும் அதையே. காயப்பட்ட ஒரு பிள்ளையின் வாழ்வுக்குள் நுழையும்போதும் நாம் கழற்றிவைக்க வேண்டியவை உள்ளன. நம் இரக்கப் பெருமை, நம் ஆர்வக் கேள்விகள், நம் கையிலுள்ள நிழற்படக் கருவி, நன்றி சொல்லவேண்டும் என்ற நம் எதிர்பார்ப்பு. அவற்றை வெளியே விட்டுவிட்டு, வெறுங்காலோடு செல்வோம்.

சிந்திக்க:

நம் தெருவில், நம் அன்பியத்தில், பெற்றோரைப் பிரிந்து வளரும் பிள்ளை யார்? அப்பிள்ளையை நாம் என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம்? அதை வளர்ப்பவர்களிடம் கடைசியாக எப்போது, ‘எப்படி இருக்கீங்க?’ என்று கேட்டோம்?

செபம்:

தந்தையே இறைவா, உம் திருமகனையே ஒரு தச்சரின் வீட்டில் வளரக் கொடுத்தீர். பெற்றோரைப் பிரிந்து வாழும் எம் பிள்ளைகளுக்கு அச்சமின்றி உறங்கும் இரவைத் தாரும். அவர்களைப் பெற்றவர்களைத் தேற்றும். வளர்ப்பவர்களின் கைகளை வலுப்படுத்தும். எம் வீட்டுக் கதவையும் எம் உள்ளத்தையும் திறந்தருளும். ஆமென்.